ஹீலியோஸும் ஸுவரும் – ஒரு சூரியப் பெயரின் வம்சாவளி

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உபயோகமாக ஏதாவது பேசுங்கள், ஆனால் நாற்பது நிமிஷத்துக்கு மேல் போக வேண்டாம்" என்று செயலர் அன்புடன் எச்சரித்திருக்கிறார். நான் கல்லூரியில் பௌதிகம் படித்தவன். பிறகு முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் கோப்புகளைப் பார்த்தவன். வேத பண்டிதனும் அல்ல, மொழியியல் பேராசிரியனும் அல்ல. ஆனால் இந்த இரண்டு தொழிலிலும் எனக்கு ஒரே பழக்கம்தான் படிந்தது. யார் எதைச் சொன்னாலும், "அளந்து பார்த்தீர்களா? ஆதாரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்பது. ஓய்வு பெற்ற பிறகு சொற்களின் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தபோது அதே பழக்கம் கைகொடுத்தது.

இன்றைய விஷயம் கிரேக்கர்களின் சூரிய தேவதையான ஹீலியோஸ். "நமக்கும் கிரேக்க தேவதைக்கும் என்ன ஸம்பந்தம்?" என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் கைபேசிகளில் இரண்டு விதமான செய்திகள் வலம் வருகின்றன. ஒன்று, "உலக மொழிகள் எல்லாம் ஸம்ஸ்கிருதத்தின் குழந்தைகள், ஹீலியோஸ் என்பது நம் சூர்ய சப்தத்தின் சிதைவு" என்கிறது. மற்றொன்று, "உலக மொழிகள் எல்லாம் தமிழின் குழந்தைகள், சங்கத் தமிழில் சூரியனுக்கு 'எல்' என்று பெயர், அதுவே ஹீலியோஸ் ஆயிற்று" என்கிறது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. இரண்டுமே தவறாக இருக்க முடியும். எப்படி என்று பார்ப்போம்.

யார் இந்த ஹீலியோஸ்?

ஹீலியோஸ் நான்கு குதிரைகள் பூட்டிய தேரில் கிழக்கிலிருந்து மேற்கே செல்பவன். நம் சூர்ய பகவானுக்கு ஏழு குதிரைகள். எல்லாவற்றையும் பார்க்கிறவன், எல்லாவற்றையும் கேட்கிறவன் என்பதால், ஹோமரின் இலியத் காவியத்தில் சத்தியம் செய்யும்போது அவனைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். நாமும் சூரியனைக் கர்மஸாக்ஷி என்கிறோம். ரோட்ஸ் தீவுக்காரர்களுக்கு அவன் இஷ்ட தெய்வம். கி.மு. 280 வாக்கில் சுமார் 33 மீட்டர் உயரத்தில் அவனுக்கு வெண்கலச் சிலை எழுப்பினார்கள். பழங்கால உலக அதிசயங்கள் ஏழில் அது ஒன்று. ஐம்பது வருஷத்துக்குப் பிறகு பூகம்பத்தில் விழுந்துவிட்டது.

'ஹீலியோஸ்' என்ற சொல்லுக்குத் தனியாக மர்மமான அர்த்தம் எதுவும் கிடையாது. கிரேக்க மொழியில் 'சூரியன்' என்பதற்கான சாதாரணச் சொல்லே அதுதான். நாம் 'சூரியன் உதித்தான்' என்று வானத்தில் தெரியும் வட்டத்தையும் சொல்கிறோம், 'சூரிய பகவான்' என்று தேவதையையும் சொல்கிறோம் அல்லவா? அதே மாதிரிதான்.

பாலும் ஹாலும்

ஒரு மொழிச் சொல்லும் மற்றொரு மொழிச் சொல்லும் உறவா என்று கண்டுபிடிப்பது எப்படி? பெங்களூரில் இருக்கும் நம் அங்கத்தினர்களைக் கேட்டால் முதல் பாடத்தை அவர்களே நடத்திவிடுவார்கள். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல் – ஹல்லு. பத்து – ஹத்து. புலி – ஹுலி. பெயர் – ஹெசரு. பழைய கன்னடத்தில் 'ப' என்றிருந்தது பிற்காலத்தில் 'ஹ' ஆயிற்று. ஒரு சொல்லில் மட்டும் அல்ல, வரிசையாக. ஒலி மாற்றம் தனி மனிதர்களின் இஷ்டப்படி நடப்பதில்லை. ஒரு நியமத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. பௌதிகம் படித்தவனுக்கு இது பரம திருப்தியைத் தரும் விஷயம்.

கிரேக்கத்திலும் இதே மாதிரி ஒரு நியமம் உண்டு. சொல்லின் தொடக்கத்தில் உயிரெழுத்துக்கு முன் இருந்த 'ஸ' அங்கே 'ஹ' ஆகிவிட்டது. ஸம்ஸ்கிருதத்தில் ஸப்த, லத்தீனில் செப்டெம், கிரேக்கத்தில் ஹெப்தா. நமது ஸர்ப்பம், லத்தீனில் செர்பென்ஸ், கிரேக்கத்தில் ஊர்வதற்கு ஹெர்போ. நமது ஸம (ஒத்த), கிரேக்கத்தில் ஹோமோஸ். பாரஸீகர்களும் தனியாக இதே பாதையில் போனார்கள். ஸிந்து 'ஹிந்து' ஆனது அங்கேதான். வடக்கே இருப்பவர்கள் வாரத்துக்கு 'ஹஃப்தா' என்கிறார்களே, அது பாரஸீகத்தில் ஏழைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

கிரேக்கத்தில் மற்றொரு நியமம், 'வ' என்ற ஒலி மறைந்தது. நமது நவ (புதிய), லத்தீனில் நோவுஸ், கிரேக்கத்தில் நெயோஸ். நடுவிலிருந்த 'வ' போய்விட்டது.

இப்போது ஹீலியோஸை எடுத்துக்கொள்வோம். ஹோமரில் அது 'ஏயெலியோஸ்' என்று நீண்டிருக்கிறது. டோரிக் என்ற வட்டார வழக்கில் 'ஆயெலியோஸ்'. க்ரீட் தீவின் வழக்கில் 'ஆபெலியோஸ்' என்று ஹெஸிகியஸ் என்ற பழைய அகராதிக்காரர் குறித்திருக்கிறார். அந்த 'ப' என்பது மறைந்துபோன 'வ'வின் மிச்சம். மறைந்த 'வ'வைத் திரும்ப வைத்து, முதலில் இருக்கும் 'ஹ'வுக்குப் பதில் பழைய 'ஸ'வைப் போட்டால், 'ஸாவெலியோஸ்' என்ற மூல வடிவம் கிடைக்கிறது. லத்தீனில் சூரியனுக்கு 'ஸோல்'. லிதுவேனிய மொழியில் 'சௌலே'. வேதத்தில் 'ஸுவர்'.

ஆம், நாம் தினமும் காயத்ரிக்கு முன் சொல்லும் வ்யாஹ்ருதிகளில் மூன்றாவது. க்ருஷ்ண யஜுர் வேத பாடத்தில் அது 'ஸுவ:', வேறு சில சாகைகளில் 'ஸ்வ:'. அதற்குச் சூரியன், சூரிய ஒளி, ஒளி நிறைந்த மேலுலகம் என்று அர்த்தங்கள். வேதத்தில் இதன் ஆறாம் வேற்றுமை 'ஸூர:' என்று வரும். 'ஸூர்ய' என்ற சொல்லும் இந்த அடியிலிருந்து வந்ததுதான்.

ஆங்கிலத்தின் 'சன்', ஜெர்மனின் 'சொன்ன', ரஷ்யனின் 'சோன்ட்ஸெ' எல்லாம் இதே குடும்பம். அவெஸ்தாவில் 'ஹ்வர்'. அதோடு 'ஒளிவீசும்' என்ற அடைமொழி சேர்ந்து பாரஸீகத்தில் 'குர்ஷித்' ஆயிற்று. பம்பாயில் பார்ஸி நண்பர்கள் உள்ளவர்கள் இந்தப் பெயரை அறிவார்கள். பழைய ஐரிஷ் மொழியில் 'ஸூல்' என்றால் கண். அதுவும் இந்த வம்சம் என்றே பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். மாத்யான்னிகத்தில் சூரியனை மித்ர வருணர்களின் கண் என்று உபஸ்தானம் செய்கிறவர்களுக்கு இது வியப்பாக இராது.

மாடியில் வைத்திருக்கும் சோலார் பலகையும், குழந்தையின் பிறந்த நாளுக்கு வாங்கும் ஹீலியம் பலூனும், காலையில் சொல்லும் 'ஸுவ:'வும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

குண்டூரில் தெரிந்த மஞ்சள் கோடு

ஹீலியம் என்றதும் ஒரு சரித்திரம் சொல்ல வேண்டும். அது நடந்தது நம் நாட்டில், அன்றைய சென்னை ராஜதானியில்.

1868 ஆகஸ்ட் 18 அன்று பூரண சூரிய கிரகணம். பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்ஸன் குண்டூரில் முகாமிட்டிருந்தார். சென்னை வானாய்வு நிலையத்தின் போக்ஸன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். கிரகணத்தின்போது சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளின் ஒளியை நிறமாலைக் கருவியில் பிரித்துப் பார்த்தார்கள். பிரகாசமான மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. உப்பை நெருப்பில் போட்டால் சோடியம் இரண்டு மஞ்சள் கோடுகளைத் தரும். கல்லூரிச் சோதனைச் சாலையில் நாம் பார்த்ததுதான். ஆகவே சூரியனில் தெரிந்ததும் சோடியமே என்று எண்ண இடமிருந்தது.

ஆனால் இங்கிலாந்தில் லாக்யர் அந்தக் கோட்டை நுட்பமாக அளந்தார். சோடியத்தின் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டர். இந்தப் புதிய கோடு 587.6. வித்தியாசம் இரண்டு நானோமீட்டருக்கும் குறைவு. கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும். ஆனால் ஒன்று அல்ல. பூமியில் அதுவரை தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அந்தக் கோடு பொருந்தவில்லை. ஆகவே அது சூரியனில் இருக்கும் ஒரு புதிய தனிமம் என்று கொண்டு, ஹீலியோஸின் பெயரால் ஹீலியம் என்று அழைத்தார்கள். சோடியம், பொட்டாசியம் போல அதுவும் ஓர் உலோகமாக இருக்கும் என்ற எண்ணத்தில்தான் 'இயம்' என்ற விகுதி வந்தது. இல்லையென்றால் நியான், ஆர்கான் போல 'ஹீலியான்' என்று வைத்திருப்பார்கள்.

1895-இல் ராம்ஸே லண்டனில் யுரேனியம் கலந்த ஒரு தாதுவிலிருந்து வந்த வாயுவைச் சோதித்தார். க்ரூக்ஸ் அதன் கோட்டை அளந்து பார்த்தார். சூரியனில் தெரிந்த அதே கோடு. பதினைந்து கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருந்த பொருளும் கைக்கெட்டிய பொருளும் ஒன்று என்று அப்போது நிரூபணம் ஆயிற்று.

இதில் இரண்டு பாடங்கள். கிட்டத்தில் இருப்பதால் மட்டும் இரண்டு கோடுகள் ஒன்றாகிவிடா. அளவு சரியாகப் பொருந்தினால் எத்தனை தூரத்தில் இருந்தாலும் இரண்டும் ஒன்றே. சொற்களுக்கும் இதுவேதான் சட்டம். ஹீலியோஸ், ஸுவர் – காதுக்குத் துளியும் ஒற்றுமை இல்லை. நியமப்படி அளந்தால் அச்சாகப் பொருந்துகின்றன. மாறாக, நமது 'தேவ' சப்தமும் லத்தீனின் 'தேயுஸ்' சப்தமும் உறவு. ஆனால் காதுக்கு இன்னும் நெருங்கி ஒலிக்கும் கிரேக்க 'தெயோஸ்' உறவே இல்லை. அது வேறு தாதுவிலிருந்து வந்தது. அர்த்தம் ஒன்று, ஒலியும் ஒன்று போல. இருந்தும் 587.6 வேறு, 589 வேறு.

பெரியவர்களுக்கும் இந்த மயக்கம் வந்திருக்கிறது. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த ஸர் வில்லியம் ஜோன்ஸ் 1784-இல் எழுதிய கட்டுரையில் ரோமானியர்களின் ஜானஸ் தேவதையை நம் கணேசரோடு ஒப்பிட்டார். இருவரும் தொடக்கத்துக்கு உரியவர்கள், பெயரும் ஒலிக்கிறது என்று. அந்த ஒப்பீடு நிற்கவில்லை. அதே ஜோன்ஸ் 1786 பிப்ரவரி 2 அன்று, தோற்றத்தை விட்டு இலக்கண அமைப்பைப் பார்த்து, ஸம்ஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் இன்று ஒருவேளை இல்லாமல் போய்விட்ட ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று பேசினார். அது நின்றது. அவருக்கும் முன்னால், 1767-இல், நம் தென்னாட்டில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் கேர்து இந்த ஒற்றுமைகளைப் பட்டியலிட்டுப் பாரிஸுக்கு அனுப்பியிருந்தார். அங்கே அது 1808-இல்தான் அச்சேறியது. கோப்புகள் தாமதமாவது நம் நாட்டில் மட்டும் அல்ல!

யார் தாய், யார் மகள்?

"சரி, உறவு இருக்கிறது. அப்படியானால் ஸம்ஸ்கிருதம்தானே தாய்?" என்று கேட்பீர்கள். ஆசை எனக்கும் உண்டு. ஆனால் கணக்கு ஒத்துவர வேண்டும்.

கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு தனித் தலைப்புகளில் இருந்த தொகையை ஒரே தலைப்பில் கலந்துவிட்டால், பிறகு அந்தத் தலைப்பை மட்டும் பார்த்து எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. பிரித்த கணக்கு ஒருவரிடம் இருக்கிறது என்றால், அவர் கலப்பதற்கு முன்னிருந்த மூல ஏட்டைப் பார்த்தவர் என்று அர்த்தம்.

ஸம்ஸ்கிருதத்தில் 'பர்' என்றால் சுமப்பது. கிரேக்கத்தில் 'ஃபெரோ'. இங்கும் 'ர', அங்கும் 'ர'. ஸம்ஸ்கிருதத்தில் 'ருச்' என்றால் ஒளிர்வது. கிரேக்கத்தில் வெண்மைக்கு 'லியூகோஸ்', லத்தீனில் ஒளிக்கு 'லூக்ஸ்'. இங்கே 'ர', அங்கே 'ல'. ஸுவர் – ஹீலியோஸ் – ஸோல் என்பதும் இப்படியே. மூலத்தில் 'ர', 'ல' என்று தனித்தனியாக இருந்தவை வேத மொழியில் பெரும்பாலும் 'ர' என்று ஒன்றாகிவிட்டன. கிரேக்கம் ஸம்ஸ்கிருதத்திலிருந்து பிறந்தது என்றால், எந்த 'ர'வை 'ல' ஆக்குவது, எதை விட்டுவிடுவது என்று கிரேக்கர்களுக்கு எப்படித் தெரிந்தது? லத்தீன்காரர்களும் லிதுவேனியர்களும் அதே சொற்களில் அதே முடிவை எப்படி எடுத்தார்கள்? ஆகவே ஸம்ஸ்கிருதம் தாய் அல்ல.

கிரேக்கம் தாயா? அதுவும் இல்லை. ஸப்த அங்கே ஹெப்தா என்று பார்த்தோம். நமது 'யக்ருத்' என்ற கல்லீரல் அங்கே 'ஹேபார்'. ஹெபடைடிஸ் என்று டாக்டர்கள் சொல்வது அதிலிருந்துதான். அதாவது 'ஸ', 'ய' இரண்டையும் கிரேக்கம் 'ஹ' என்ற ஒரே தலைப்பில் கலந்துவிட்டது. ஸம்ஸ்கிருதம் பிரித்தே வைத்திருக்கிறது.

ஒவ்வொன்றும் மற்றது கலந்ததைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இருவரும் ஒரே மூல ஏட்டைப் பார்த்தவர்கள், சகோதரிகள். ஸம்ஸ்கிருதத்துக்கு இதில் ஒரு குறைவும் இல்லை. அந்தக் குடும்பத்தில் இத்தனை பழைய வாங்மயத்தை எழுத்து உதவியின்றி, ஸ்வரம் பிசகாமல் வாய்வழியாகக் காப்பாற்றியவர்கள் வேறு யாரும் இல்லை. 'தாய்' என்ற பொய்ப் பட்டம் அதற்கு எதற்கு?

தமிழின் 'எல்'

சங்கத் தமிழில் 'எல்' என்றால் ஒளி, பகல், சூரியன். தொல்காப்பியத்தில் வரும் 'எற்பாடு' என்ற சிறுபொழுதிலும் இந்த 'எல்' இருக்கிறது. மிக அழகான சொல். ஆனால் ஹீலியோஸுக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமை, ஹீலியோஸ் தேய்ந்த பிறகு தெரியும் ஒற்றுமை. பின்னால் சென்று மூல வடிவத்தைப் பார்த்தால், முதலில் 'ஸ' வருகிறது, நடுவில் 'வ' வருகிறது. லத்தீன், லிதுவேனியம், வேத மொழி மூன்றும் அந்த 'ஸ'வுக்குச் சாட்சி. 'எல்'லில் அதற்கு இடமே இல்லை. கிழவரான பிறகு இருவர் முகமும் ஒன்று போல ஆகிவிட்டது என்பதற்காக, பிறக்கும்போதே இரட்டையர் என்று சொல்ல முடியுமா?

கிரீஸில் மலை உச்சிகளில் எலியாஸ் தீர்க்கதரிசியின் சிறு கோயில்கள் நிறைய உண்டு. ஹீலியோஸ்தான் எலியாஸ் ஆனார் என்று சிலர் சொல்வதுண்டு. எலியாஸ் என்பது ஹீப்ரு மொழிப் பெயர். அதற்கும் ஹீலியோஸுக்கும் சொல் அளவில் உறவில்லை.

தமிழ் தனிக் குடும்பம். சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816-இலும், கால்டுவெல் 1856-இலும் இதை விளக்கினார்கள். தமிழ் இன்னொருவரின் தாயாக இருந்தால்தான் அதற்குப் பெருமை என்பதில்லை. தன் காலில் நிற்பதே பெருமை. அதற்கு ஞாயிறு என்ற சொந்தச் சொல்லும் உண்டு, சூரியன் என்று வாங்கிக்கொண்ட சொல்லும் உண்டு.

வாங்கிய சொற்கள்

உறவு ஒரு வகை, தற்செயல் ஒரு வகை. மூன்றாவது வகை கொடுக்கல் வாங்கல். இதிலும் ஹீலியோஸ் நம் நாட்டுக்கு வந்திருக்கிறார், அதுவும் நேரடியாக.

மத்தியப் பிரதேசத்தில் விதிஷா அருகே பேஸ்நகரில் ஒரு கருடஸ்தம்பம் இருக்கிறது. கன்னிங்ஹாம் 1877-இல் அதைப் பார்த்தார். ஆனால் தூணின் மேல் தடிமனாகப் பூசப்பட்டிருந்த செந்தூரத்தால் எழுத்து தெரியவில்லை. 1909-இல் பூச்சை நீக்கியபோது ப்ராஹ்மி எழுத்தில், ப்ராக்ருத மொழியில் சாஸனம் வெளிப்பட்டது. தக்ஷசிலையிலிருந்து கிரேக்க அரசன் அந்தியால்கிதாஸின் தூதனாக வந்த ஒருவன், தன்னைப் பாகவதன் என்று சொல்லிக்கொண்டு, வாஸுதேவனுக்கு நிறுவிய தூண் அது. காலம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் இறுதி. அவன் பெயர் ஹெலியோதோரஸ். 'ஹீலியோஸ் அளித்தவன்' என்று பொருள். நாம் சூர்யதத்தன் என்போம். போபால் பக்கம் இருக்கும் அங்கத்தினர்கள் அவசியம் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கனிஷ்கரின் ஆரம்ப நாணயங்களில் சூரிய உருவத்தின் பக்கத்தில் கிரேக்க எழுத்தில் 'ஹீலியோஸ்' என்றே பொறித்திருந்தது. பிறகு கனிஷ்கர் தம் நாட்டு மொழிக்கு மாறியபோது, அதே தேவதையின் பெயர் 'மீரோ' ஆயிற்று. அது ஈரானிய மித்ர தேவதையின் பெயர். அது ஸம்ஸ்கிருதத்துக்குள் 'மிஹிர' என்று நுழைந்து சூரியனின் பெயர்களில் ஒன்றாகிவிட்டது. ஆக, 'மித்ர' என்பது நம் சொந்தச் சொத்து. 'மிஹிர' என்பது தாயாதி வீட்டிலிருந்து வாங்கியது.

அந்த மிஹிரனைத் தம் பெயரிலேயே வைத்திருந்தவர் 6-ஆம் நூற்றாண்டின் வராஹமிஹிரர். ப்ருஹத் ஜாதகத்தில் அவர் கிரகங்களின் பெயர்களைச் சொல்லும்போது சூரியனுக்கு 'ஹேலி' என்று ஒரு பெயர் தருகிறார். ஹீலியோஸ்! செவ்வாய்க்கு 'ஆர' – கிரேக்க ஆரேஸ். சுக்கிரனுக்கு 'ஆஸ்புஜித்' – அஃப்ரோதீதே. நாம் பஞ்சாங்கத்தில் பார்க்கும் ஹோரை, கிரேக்கத்தின் 'ஹோரா'. ஜாதகத்தில் 1, 4, 7, 10-ஆம் இடங்களைக் கேந்திரம் என்கிறோமே, அது கிரேக்கத்தின் 'கென்ட்ரோன்', கூர்முனை, காம்பஸ் முனை. அதுவே லத்தீன் வழியாக ஆங்கிலத்தில் 'சென்டர்' ஆயிற்று. நம் பேரக் குழந்தைகள் படிக்கும் கேந்த்ரீய வித்யாலயத்தின் பெயர்ப் பலகையில் ஒரு யவனச் சொல் எழுதியிருக்கிறது.

'அஹோராத்ரம்' என்ற சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் போய் 'ஹோரா' ஆயிற்று என்றும் ஒரு விளக்கம் உண்டு. வராஹமிஹிரர் அதைச் சொல்லும்போது 'சிலர் இப்படிக் கருதுகிறார்கள்' என்றே சொல்கிறார். ஒரு நல்ல அதிகாரி குறிப்பு எழுதும் லக்ஷணம் அது!

ஆகவே ஒரே கிரேக்க தேவதையின் பெயர் ஸம்ஸ்கிருதத்தில் இரண்டு தடவை இருக்கிறது. ரத்த பந்துவாக 'ஸுவர்', விருந்தாளியாக 'ஹேலி'. சொந்தமாக வந்த சொல், ஒலி நியமங்களின்படி நன்றாக மாறியிருக்கிறது. கடனாக வந்த சொல் கிரேக்கச் சாயலுடனேயே இருக்கிறது. சாயல் அதிகமாக இருந்தால் அது உறவுக்கு அடையாளம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது கடனுக்கு அடையாளம்.

யாஸ்கரும் ப்ளேட்டோவும்

"அப்படியானால் நம் நிருக்தக்காரர்கள் சொன்னது என்ன ஆயிற்று?" என்று ஒருவர் கேட்கலாம். யாஸ்கர் ஸூர்ய சப்தத்துக்கு மூன்று விதமாகப் பொருள் சொல்கிறார். செல்வதால், தூண்டுவதால், நன்றாகத் தூண்டப்படுவதால் சூரியன் என்று. கிரேக்கத்தில் ப்ளேட்டோவின் 'க்ராடிலஸ்' என்ற நூலிலும் ஹீலியோஸுக்கு மூன்று விளக்கங்கள் இருக்கின்றன. உதித்ததும் மக்களை ஒன்றுகூட்டுவதால், பூமியைச் சுற்றி எப்போதும் சுழல்வதால், பூமியில் விளைவதைப் பல வண்ணமாக்குவதால் என்று. அங்கேயும் மூன்று, இங்கேயும் மூன்று!

இவற்றைத் தவறு என்று தள்ள வேண்டியதில்லை. கேள்வியே வேறு. "இந்தப் பெயரைச் சொல்லும்போது மனத்தில் எதை நினைக்க வேண்டும்?" என்பது யாஸ்கரின் கேள்வி. "இந்த ஒலி எந்த வழியாக வந்தது?" என்பது மொழியியலின் கேள்வி. முதலாவது த்யானத்துக்கு, இரண்டாவது சரித்திரத்துக்கு. ஒன்றின் விடையை மற்றொன்றின் இடத்தில் எழுதினால்தான் குழப்பம்.

ஏன் இத்தனை கண்டிப்பு?

"ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று நீங்கள் நினைக்கலாம். நஷ்டம் இருக்கிறது. இரண்டு சொல்கிறேன்.

ஒன்று, நம் பேரன் பேத்திகள். அவர்கள் பல ஊர்களில், பல தேசங்களில் படிக்கிறார்கள். 'எல்லாம் ஸம்ஸ்கிருதத்திலிருந்து வந்தது' என்று நாம் சொல்லி அனுப்புகிறோம். அங்கே விஷயம் தெரிந்த ஒருவர் ஐந்து நிமிஷத்தில் அதைத் தவறு என்று காட்டிவிடுவார். அப்போது குழந்தைக்கு அந்த ஒன்றின் மேல் மட்டும் நம்பிக்கை போகாது. தாத்தா சொன்ன நல்ல உண்மைகளின் மேலும் போய்விடும். கள்ள நோட்டு ஒன்று கலந்திருந்தால் கட்டு முழுவதையும் சந்தேகிப்பார்கள். நம்மிடம் நல்ல நோட்டு நிறைய இருக்கும்போது கள்ள நோட்டு எதற்கு?

இரண்டாவது இன்னும் முக்கியம். மொழிக் குடும்பம் என்பதை ரத்தக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு, சென்ற நூற்றாண்டில் ஐரோப்பாவில் எத்தனை கொடுமைகள் நடந்தன என்பதை அறிவீர்கள். நம் ஊரிலும் அந்தச் சொல்லை வைத்து எத்தனை மனஸ்தாபங்கள்! 'ஆரிய' என்பது மொழியைக் குறிக்கும் சொல், ரத்தத்தையோ மண்டை ஓட்டையோ அல்ல என்று மாக்ஸ் முல்லரே 1888-இல் கண்டிப்பாக எழுதிவிட்டார். கேட்பார் இல்லை.

நம் வீட்டையே பாருங்கள். குழந்தையைக் கொஞ்சுவதும், சமையலறையில் பேசுவதும், கோபத்தில் திட்டுவதும் தமிழில், திராவிடக் குடும்பத்து மொழியில். ஸந்த்யாவந்தனம் செய்வது ஸம்ஸ்கிருதத்தில், கிரேக்கத்துக்கும் லிதுவேனியத்துக்கும் சகோதரியான மொழியில். இரண்டு குடும்பமும் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் வாழ்கின்றன. ஒன்று மற்றொன்றின் தாய் என்று நிரூபிக்க நாம் ஏன் மெனக்கெட வேண்டும்? நம் பாட்டிகள் 'ஞாயித்துக்கிழமை' என்று சொன்ன அதே நாளில் தாத்தாக்கள் ஸங்கல்பத்தில் 'பானுவாஸர' என்று சொன்னார்கள். இருவரும் ஒரே சூரியனைத்தான் சொன்னார்கள்.

இதற்கு ப்ரமாணம் வேண்டும் என்றால் வராஹமிஹிரரிடமே இருக்கிறது. யவனர்கள் ம்லேச்சர்களே ஆனாலும் இந்தச் சாஸ்திரம் அவர்களிடம் நன்கு நிலைபெற்றிருப்பதால் அவர்களும் ரிஷிகளைப் போலப் பூஜிக்கப்படுகிறார்கள் என்று ப்ருஹத் ஸம்ஹிதையில் ஒப்புக்கொள்கிறார். சாஸ்திரத்தில் கரை கண்டவர், வாங்கியதை வாங்கியது என்று சொல்ல வெட்கப்படவில்லை. சொன்னதால் அவர் பெருமை குறையவும் இல்லை.

ஆகவே, அடுத்த முறை கைபேசியில் இப்படி ஒரு செய்தி வந்தால், பிறருக்கு அனுப்புவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். பழைய வடிவம் என்ன? ஒலி மாற்றம் வேறு சொற்களிலும் வரிசையாக நடந்திருக்கிறதா? இது உறவா, கடனா, தற்செயலா? மூன்றுக்கும் விடை இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். இல்லையென்றால் கோப்பைத் திருப்பி அனுப்புவது போல, 'ஆதாரம் இணைக்கவும்' என்று குறிப்பு எழுதி, அனுப்பியவருக்கே திருப்பிவிடுங்கள்.

செயலர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதில் ஓடுவதும் ஹோராதான்!